ஏற்றுமதி வாணிகமும் ஏழை நாடும்

நம் கல்லூரி விடுதியில் உறையும் மாணவர் ஒருவரது சட்டையின் கழுத்துப்பட்டையைச் சிறிது மடித்துப் பார்ப்போமாயின், ஆங்கே விரலளவினதாகிய ஒரு துணிச்சீட்டுத் தைக்கப்பட்டிருத்தலைக் காண்போம். அச்சட்டை எந்நாட்டில் தைக்கப்பட்டது என்பதை அச்சீட்டு அறிவிக்கும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள ஆடைக்கடை ஒன்றிற் புகுந்து இச்சோதனையைச் செய்வோமாயின், வங்காள தேசத்தின் பெயர் அடிக்கடி கண்ணிற்படும். அந்நாட்டிற் பருத்தி மிகுதியாக விளைவதில்லை. பஞ்சு பிற நாட்டினின்று வருவது. இயந்திரங்களும் பெரும்பாலும் பிற நாட்டின. அவ்வாடைகளை உடுப்போரும் பிற நாட்டினர். எனினும், உலகிற்கு ஆடை தைத்தனுப்பும் நாடுகளுள் சீனத்தை அடுத்து முன்வரிசையில் நிற்பது அந்நாடு. இஃது எவ்வாறு இயன்றது? இதனால் அந்நாட்டு ஏழை மக்கள் எய்திய நன்மை யாது? அந்நன்மைக்கு அவர் கொடுத்த விலை யாது? இவ்வினாக்களை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் தமிழ் பயிலும் மாணவரேயன்றிப் பொருளாதாரம் பயில்வோரல்லேம். ஆயினும், உடுக்கும் உடை எல்லார்க்கும் பொதுவாதலின், அதனைப்பற்றி எண்ணும் உரிமையும் எல்லார்க்கும் பொதுவென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

முதலிற் பொதுவாகச் சில கூறுவாம். ஏழை நாடு ஒன்று தன் மக்களுக்கு வேலை தரவேண்டுமாயின் அதற்குத் தொழிற்சாலைகள் வேண்டும். தொழிற்சாலைக்கு இயந்திரம் வேண்டும். அவ்வியந்திரம் உள்நாட்டிற் செய்யப்படாமையின் வெளிநாட்டாரிடம் வாங்கல் வேண்டும். வெளிநாட்டாரோ ஏழை நாட்டின் நாணயத்தைக் கைக்கொள்ளார். டாலர் போன்று உலகெங்கும் செல்லும் நாணயத்தையே கேட்பர். அந்நாணயத்தைப் பெறுதற்குரிய வழிகளுள் தலையாயவை நான்கு: கடன் வாங்குதல், கொடை பெறுதல், கடல் கடந்து உழைப்போர் வீட்டிற்கு அனுப்பும் பணத்தைப் பெறுதல், பொருள்களை ஏற்றுமதி செய்தல். கடன் வட்டியோடு திருப்பித் தரற்பாலது. கொடை, கொடுப்போர் மனத்தைப் பொறுத்து வருவதும் நிற்பதுமாகும். கடல் கடந்தோர் அனுப்பும் பணம் குடும்பங்களைக் காக்கும்; எனினும், அதனை ஈட்டும் உழைப்பு நாட்டிற்குப் புறத்தே நிகழ்கின்றது. ஏற்றுமதியோ நாட்டிற்குள்ளேயே வேலையை உண்டாக்கிப் பொருளைக் கொணர்வது.

இன்னும் ஒரு காரணமுண்டு. தையற்சாலை ஒன்று நாளொன்றுக்கு ஆயிரம் சட்டை தைக்க வல்லதாயின், அவற்றை வாங்குவோரும் வேண்டுமன்றோ? உண்ண உணவின்றி வாடும் மக்கள் நிறைந்த நாட்டில் புதுச்சட்டை வாங்குவோர் சிலரே. செல்வர் வாழும் நாடுகளின் சந்தை திறந்திருப்பின், ஏழை நாட்டின் தொழில் தன் மக்களுடைய வறுமையினால் தடைபடாது வளரும்.

இதற்கு மாறாக, ஏற்றுமதி என்பது ஏழையின் உழைப்பைச் செல்வனுக்கு மலிவாக விற்றலேயன்றி வேறில்லை என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றும் முற்றும் பொய்யன்று. இவ்விரு கூற்றுள் எது ஒரு நாட்டிற்குப் பொருந்தும் என்பதை அறிதற்கு எமக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்றே: கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்கியபின் அந்நாட்டில் எஞ்சி நிற்பது யாது என்று பார்த்தல் வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டே வங்காள தேசத்தின் வரலாற்றை நோக்குவாம்.

1970ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வீசிய பெரும்புயலில் அந்நிலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். மறு ஆண்டில் நிகழ்ந்த விடுதலைப் போரில் ஊர்கள் எரிந்தன. ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் அகதிகளாய் இந்தியாவிற் புகுந்தனர். 1971ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் போர் முடிந்தது. புதிய நாடு தலையெடுப்பதற்குள் 1974இல் பஞ்சம் வந்துற்றது. எத்துணைக் கொடை சொரியினும் நில்லாத ‘அடியில்லாக் கூடை’ என்று அந்நாட்டை உலகோர் இகழ்ந்த காலம் அது.

அக்காலத்தில் அந்நாட்டின் ஏற்றுமதி பெரும்பாலும் சணலும் சணற்பொருளுமே. டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள நாராயண்கஞ்சில் 1951இல் தொடங்கிய ஆதம்ஜி ஆலை, உலகிலேயே பெரிய சணலாலை எனப் பெயர்பெற்றிருந்தது. தானியமும் சர்க்கரையும் சணற்சாக்கிற் சென்ற காலம் வரை சணலுக்கு மதிப்பிருந்தது. செயற்கை இழையாற் செய்த சாக்குகள் வந்தபின் அம்மதிப்புக் குன்றிற்று. நட்டத்தில் ஆழ்ந்த ஆதம்ஜி ஆலை 2002ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஒரு பொருளையே நம்பி வாழும் நாடு, உலகம் அப்பொருளை வேண்டாதொழியும் நாளில் யாதாகும் என்பதற்கு இவ்வாலையே சான்றாகும். இதனை மறவாது வைத்துக்கொள்வோம். பின்னரும் இதனை நினைக்க நேரும்.

சணல் தளர்ந்த காலத்திலேயே தையல் தோன்றிற்று. அது தோன்றிய வகையை அறிதற்கு நாம் தென் கொரியாவிற்குச் செல்லல் வேண்டும். அந்நாடும் 1953 வரை போரினாற் பாழ்பட்டுக் கிடந்ததே. 1960இல் அதன் ஏற்றுமதி ஏறக்குறைய 3 கோடி டாலரளவே. பின்னர் அந்நாட்டார் சட்டையும், ஒட்டுப்பலகையும், மகளிர் கூந்தலாற் செய்த பொய்மயிரும் விற்கத் தலைப்பட்டனர். 1964இல் ஏற்றுமதி 10 கோடி டாலரை எட்டிற்று. அதன் நினைவாக நவம்பர் 30ஆம் நாளை ஏற்றுமதித் திருநாளாகக் கொண்டாடினர். 1977இல் அது 1,000 கோடி டாலராயிற்று.

கொரியச் சட்டைகள் இவ்வாறு பெருகவே, மேனாட்டுத் தையற்சாலைகள் அஞ்சின. 1974இல் ‘பன்னிழை ஒப்பந்தம்’ என்னும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இன்ன நாடு இத்துணை ஆடையே அனுப்பலாம் என்று செல்வ நாடுகள் அளவு வகுக்க அஃது இடங்கொடுத்தது. கொரியாவிற்கு அளவு குறுகிற்று. ஆனால், ஆடையே ஏற்றுமதி செய்யாத வங்காள தேசத்திற்கு அளவு வகுப்பார் எவருமிலர். கொரியாவின் டேவூ என்னும் பெருங்கம்பெனியின் தலைவர் கிம் வூ சூங் இந்நிலைமையை நோக்கினார். அதே காலத்தில் வங்காள தேசத்தில் அரசாங்க அதிகாரியாயிருந்து விலகிய நூருல் காதர் என்பார் ‘தேஷ்’ என்னும் தையற் கம்பெனியை நிறுவ முயன்றுகொண்டிருந்தார். 1978இல் இருவர்க்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. டேவூ கம்பெனி தொழில் கற்பித்து, இயந்திரம் வாங்கவும் சரக்கு விற்கவும் துணைசெய்யும். தேஷ் கம்பெனி தன் விற்பனையில் ஒரு பங்கு தரும். அதே ஆண்டில் ரியாஸ் என்னும் டாக்காக் கம்பெனி 10,000 சட்டைகளைப் பாரிஸ் நகருக்கு அனுப்பியிருந்தது. ஆதலின் முதன்முதல் ஆடை அனுப்பிய பெருமை தேஷிற்கு உரியதன்று. எனினும், நாட்டிற்கே பள்ளிக்கூடமான பெருமை அதனுடையதே.

இதனைப் பள்ளிக்கூடம் என்றது எற்றுக்கெனின், கூறுவாம். 1979இல் தேஷ் கம்பெனி தன் பணியாளர் 130 பேரைக் கொரியாவின் பூசான் நகரிலுள்ள டேவூ தொழிற்சாலைக்கு அனுப்பிற்று. அவருள் பெண்களும் இருந்தனர். ஆறு மாதகாலம் அவர்கள் ஆங்குத் தங்கித் தொழில் கற்றனர். தைத்தல் மட்டுமன்று அவர் கற்றது. ஒரு சட்டையைப் பல சிறு வேலைகளாகப் பகுத்து ஒரு வரிசையில் அமர்ந்தோர்க்குப் பங்கிடுதல், துணி வீணாகாமல் வெட்டுதல், பிழைபட்டதைக் கப்பலேறுமுன் கண்டு விலக்கல், குறித்த நாளிற் சரக்கை முடித்தல், விலை கணித்தல், அயல்நாட்டு வணிகரொடு கடிதப்போக்குவரவு நடத்தல் ஆகிய அனைத்தும் கற்றனர். ஊசியும் நூலும் வங்காளத்தார்க்குப் புதியனவல்ல. டாக்கா மஸ்லின் ஒருகாலத்து உலகெங்கும் புகழ்பெற்றிருந்தது. ஆனால், பதினாயிரம் சட்டையை ஒரே அளவினதாய் ஒரே நாளிற் கப்பலேற்றும் வித்தை அவர்க்குப் புதிது.

1980இல் தேஷ் கம்பெனி தன் முதலாண்டில் அனுப்பியவை 43,000 சட்டைகள். அவற்றின் விலை 55,050 டாலர். ஒரு நாட்டின் வாணிகத்தில் இஃது ஒரு துளியெனவும் எண்ணத்தகாதது. மறு ஆண்டிலேயே அக்கம்பெனி டேவூவுடன் செய்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு தன் காலிலே நின்றது. 1987இல் அது தைத்தவை ஏறக்குறைய 23 இலட்சம் சட்டைகள். ஆனால், நாம் வியக்கத்தக்கது இதுவன்று. பூசானிற் பயின்ற 130 பேருள் 115 பேர் அதற்குள் தேஷை விட்டு நீங்கியிருந்தனர்! சிலர் தாமே தையற்சாலை தொடங்கினர். சிலர் பிறர் தொடங்கியவற்றை நடத்தச் சென்றனர். முதலாளிக்கு இது பேரிழப்பு. நாட்டிற்கோ, வித்து நாற்றங்காலை விட்டு வயலெங்கும் பரந்தது போலாயிற்று. கற்பித்த டேவூ 1999இல் பெருங்கடனால் வீழ்ந்தது. அது கற்பித்த தொழில் வங்காளத்தில் வீழவில்லை. கப்பல் சென்றபின் எஞ்சி நிற்பது யாது என முன்னர் வினவினோம். முதல் விடை இதுவே: கற்ற கை.

கற்ற கை இருந்தும் முதற்பொருள் இன்றேல் தொழில் நடவாது. தைக்கவேண்டிய துணியைப் பிற நாட்டிலிருந்து வாங்கப் பணம் வேண்டும். அதன்மேற் சுங்கத்தீர்வையும் கட்டவேண்டும். இவ்விரு தடையையும் நீக்கிய ஏற்பாடுகள் இரண்டு. அவற்றையும் சிறிது விளக்குவாம்.

லண்டன் நகர் வணிகர் ஒருவர் டாக்காவிலுள்ள ஒருவரிடம் சட்டைகள் கேட்கிறார் என்று கொள்வோம். சரக்கைக் கப்பலேற்றிய பத்திரத்தைக் காட்டின் பணம் தருவோம் என்று அவ்வணிகருடைய பாங்கி ஓர் உறுதிப்பத்திரம் அனுப்பும். டாக்கா முதலாளி அதனைத் தம் பாங்கியில் ஈடாக வைப்பர். அவ்வீட்டின்மேல் அப்பாங்கி, துணி விற்கும் வெளிநாட்டு வணிகர் பெயருக்கு இரண்டாம் உறுதிப்பத்திரம் ஒன்றை எழுதும். துணி வரும், சட்டையாகும், கப்பலேறும், பணம் வரும். அப்பணத்தில் துணியின் கடன் முதலிற் கழியும். எஞ்சியது கூலியும் வாடகையும் இலாபமுமாகும். ஒன்றன் முதுகில் மற்றொன்று சாய்ந்து நிற்கும் இவ்விரு பத்திரங்களால், கையில் முதலில்லாதவரும் தொழில் தொடங்க இயன்றது. மற்றொன்று சுங்கப் பூட்டறை. வெளிநாட்டுத் துணி சுங்க அதிகாரிகளின் மேற்பார்வையிலுள்ள பண்டகசாலையில் தீர்வையின்றி இறங்கும். ஆடையாகித் திரும்பக் கப்பலேறுமாயின் தீர்வையே இல்லை. உள்நாட்டில் விற்பின் தீர்வை உண்டு. தங்கச் சுரங்கமோ எண்ணெய்க் கிணறோ செய்யாத வேலையை, இவ்விரு எழுத்து ஏற்பாடுகள் செய்தன. அரசாங்கம் ஒன்று தன் மக்களுக்குச் செய்யும் உதவி பல சமயம் பணம் கொடுத்தலினும் தடை நீக்கலாகவே இருக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாறு தோன்றிய தொழில் இன்று எவ்வளவினதெனின், 2024–25ஆம் நிதியாண்டில் வங்காள தேசத்தின் ஏற்றுமதி முழுவதும் ஏறக்குறைய 4,800 கோடி டாலர். அதில் ஆடை மட்டும் 3,900 கோடி டாலருக்கு மேற்பட்டது. அஃதாவது, ஐந்திற் நான்கு பங்கு ஆடையே. ஏறக்குறைய 40 இலட்சம் பேர் இத்தொழிலால் வாழ்கின்றனர். அவருட் பெண்கள் பெரும்பகுதியினர்.

பெண்கள் என்றமையால் ஒன்று கூறல் வேண்டும். முன்னாளில் வங்காளச் சிற்றூர்ப் பெண்ணுக்கு வீட்டிற்குப் புறத்தே கூலி பெறும் வேலை அரிது. தையற்சாலைகள் எழுந்தபின், விடியற்காலையில் உணவுத்தூக்கு ஏந்திக் கூட்டங்கூட்டமாய்ப் பெண்கள் நடந்து செல்லுதல் டாக்காத் தெருக்களின் நாள்வழிக் காட்சியாயிற்று. கூலி தன் கைக்கு வரவே, வீட்டிற் பேசும் உரிமையும் சிறிது வந்தது. தையற்சாலைகளுக்கு அணித்தாகிய ஊர்களை ஆராய்ந்தோர், ஆங்குப் பெண்மக்கள் கூடுதலான ஆண்டுகள் பள்ளியிற் பயில்வதையும், அவர்தம் மணம் பிற்படுவதையும் கண்டு எழுதியுள்ளனர். அளவு குறித்த சீட்டைப் படிக்கவும் எண்ணிக்கை எழுதவும் அறிந்தவளுக்கு நல்ல வேலை கிட்டும் என்று பெற்றோர் உணர்ந்தமை அதற்கு ஒரு காரணம். இதுவும் கப்பல் சென்றபின் நாட்டில் எஞ்சி நின்றதே.

இதுகாறும் கூறியது வெளிச்சம். இனி இருளையும் கூறல் வேண்டும்.

டாக்காவிற்கு அண்மையிலுள்ள சாவர் என்னும் ஊரில் ராணா பிளாசா என்னும் மாளிகை ஒன்று இருந்தது. உரிய இசைவின்றி மேன்மாடங்கள் எழுப்பப்பட்ட கட்டிடம் அது. கீழே கடைகளும் ஒரு பாங்கியும் இருந்தன. மேலே ஐந்து தையற்சாலைகள். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அதன் தூண்களிற் பிளவு கண்டது. அதனைப் பார்வையிட்ட பொறியாளர் அங்கு இருத்தல் தகாது என்றார். மறுநாள் பாங்கி திறக்கப்படவில்லை. தையற்காரரோ கூலி பிடிக்கப்படும் என்று அச்சுறுத்தப்பட்டு உள்ளே புகுந்தனர். காலை ஒன்பது மணிக்கு முன்னரே மாளிகை சரிந்தது. மாண்டோர் 1,134 பேர். காயமுற்றோர் ஏறக்குறைய 2,500 பேர். இதற்கு ஐந்து மாதத்திற்கு முன்னர், 2012 நவம்பர் 24ஆம் நாள், தஸ்ரீன் என்னும் தையற்சாலை தீப்பற்றி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். 2005 ஏப்ரலில் அதே சாவரில் ஸ்பெக்ட்ரம் என்னும் தையற்சாலை இடிந்து 64 பேர் மாண்டிருந்தனர். எச்சரிக்கை வாராமலில்லை, வந்த எச்சரிக்கையைக் கேட்பாரில்லை.

பாங்கிப் பணியாளர் வெளியே நிற்கத் தையற்பெண்கள் உள்ளே சென்றது யாது பற்றி? இவ்வினாவே எம் உள்ளத்தை நெடுநாள் வருத்தியது. இருவரும் அதே பிளவைக் கண்டவர். இருவர்க்கும் உயிர் ஒன்றே. ஒருவர்க்கு ‘வாரேன்’ என்று கூறும் ஆற்றல் இருந்தது. மற்றவர்க்கு அஃது இல்லை. மாதமுடிவிற் கூலி வாராவிடின் வாடகைக்கும் அரிசிக்கும் வழியில்லை. ஒன்றுகூடி மறுத்தற்குச் சங்கமும் இல்லை. மேலே சரக்கு முடியவேண்டிய நாள் நெருங்கியிருந்தது. நாள் தவறின் விலை குறையும், அன்றி விமானத்திற் சொந்தச் செலவில் அனுப்பவேண்டும். வாங்குவோர் விலையைக் குறைப்பர்; முதலாளி அக்குறைவைக் கூலியிலும் கட்டிடத்திலும் ஈடுசெய்வார். தையற்காரரின் குறைந்த அளவுக் கூலி 1994இல் மாதம் 930 டகா என்று வகுக்கப்பட்டது. டகா என்பது அந்நாட்டு நாணயம். விலைவாசி ஏறிக்கொண்டேயிருக்க, அக்கூலி பன்னிரண்டாண்டு அசையாது நின்று, 2006இலேயே 1,662 டகாவாயிற்று. ஏற்றுமதி பெரிதும் ஏறிய காலமே அக்காலம்! எனவே, ஏற்றுமதி ஏறுதலும் கூலி ஏறுதலும் தாமே உடன் நிகழும் என்று எண்ணுதல் தவறாகும்.

இக்கொடுமையைக் கேட்ட நல்லோர் சிலர், ‘அந்நாட்டு ஆடையை இனி வாங்கற்க’ என்றனர். அவ்விரக்கம் போற்றத்தக்கதே, ஆயினும் அதன் பயன் யாதென ஆராய்தல் வேண்டும். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சிறுவர் பலர் வங்காளத் தையற்சாலைகளில் வேலை செய்தனர். சிறுவர் செய்த பண்டத்தை அமெரிக்காவிற் புகவிடலாகாது என்று 1992இல் அந்நாட்டுச் சட்டசபையில் ஹார்க்கின் என்பார் ஒரு மசோதா கொணர்ந்தார். அது சட்டமாகு முன்னரே அஞ்சிய முதலாளிகள் பல்லாயிரம் சிறுவரை வெளியேற்றினர். அச்சிறுவர் பள்ளிக்கோ சென்றனர்? அன்று. சிலர் கல்லுடைக்கவும் தெருவில் விற்கவும் சென்றனர் என்று குழந்தைகளுக்கான ஐக்கிய நாட்டு நிதியத்தார் கண்டனர். பின்னர், 1995இல் முதலாளிகள் சங்கமும், அந்நிதியமும், பன்னாட்டுத் தொழிலாளர் ஸ்தாபனமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, சிறுவர்க்குப் பள்ளியும் உதவித்தொகையும் ஏற்படுத்தின. கதவடைத்தல் செய்யாததை, ஒருங்கிருந்து ஒப்பந்தம் செய்தல் செய்தது.

ராணா பிளாசா வீழ்ந்தபின் நிகழ்ந்ததும் இத்தன்மையதே. 2013 மே மாதத்தில் தொழிற்சங்கங்களும் மேனாட்டு ஆடைக் கம்பெனிகளும் கட்டிடக் காப்பிற்கும் தீக்காப்பிற்கும் ஓர் உடன்படிக்கை செய்தன. இருநூறு கம்பெனிகளுக்கு மேல் அதிற் கையொப்பமிட்டன. வெறும் வாக்குறுதியாக இராமல், மீறின் வழக்காடும் உரிமை தருவதாக அமைந்தமையே அதன் சிறப்பு. பொறியாளர் தூண்களை அளந்தனர். தீப்படிகளுக்குப் பூட்டில்லாக் கதவுகள் வந்தன. சீர்படாத தொழிற்சாலைகள் விலக்கப்பட்டன. கூலியும் 2013இல் 5,300 டகாவாகவும், 2018இல் 8,000 டகாவாகவும், 2023இல் 12,500 டகாவாகவும் உயர்ந்தது. 2023இல் தொழிலாளர் கேட்டது 23,000 டகா என்பதையும், அதன்பொருட்டுத் தெருவில் இறங்கியோருட் சிலர் உயிரிழந்தனர் என்பதையும் மறைத்தல் முறையன்று.

கற்பித்த கொரியாவும் இவ்விருளைக் கடந்தே வந்தது. 1970ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், சியோல் நகர்த் தையற்கடைகளில் வேலைசெய்த ஜியோன் டே-இல் என்னும் 22 வயது இளைஞர், ஏட்டில் மட்டும் கிடந்த தொழிலாளர் சட்டத்தை நடத்துமாறு கேட்டுக் கேட்டு இளைத்து, தம் உடலுக்குத் தாமே தீயிட்டு மாண்டார். கொரியாவின் உயர்வை எடுத்துரைப்போர் உருக்காலையையும் கப்பல் தளத்தையும் கூறுவர். இவ்விளைஞரையும் உடன் கூறுதல் வேண்டும்.

உருக்காலையைக் கூறினோமாகலின், வங்காள தேசம் இன்று நிற்கும் இடத்தையும் அதனோடு ஒப்பிடுவாம். கொரியா சட்டையோடு நின்றுவிடவில்லை. சட்டை விற்ற பணமும் சட்டை தைத்துக் கற்ற ஒழுங்கும் கொண்டு, 1973இல் போகாங்கில் உருக்காலையும், பின்னர்க் கப்பலும், மோட்டாரும், மின்பொருள்களும் செய்யத் தொடங்கிற்று. தையல் அதற்கு ஏணியின் முதற்படி. வங்காள தேசமோ நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னும் பெரும்பாலும் அப்படியிலேயே நிற்கின்றது. பின்னலாடைக்கு வேண்டிய நூலையும் துணியையும் உள்நாட்டிலேயே செய்யக் கற்றமை ஒரு நல்ல முன்னேற்றம். முதலில் பொத்தானும் பெட்டியும்கூட வெளியிலிருந்து வந்தன. ஆயினும், ஏற்றுமதியில் ஐந்திற் நான்கு பங்கு ஒரு பொருளே என்பது அச்சந்தருவது. முன்னர்ச் சணலைப்பற்றிக் கூறியதை ஈண்டு நினைவு கூர்க.

அவ்வச்சம் வீண் அன்று. 2005இல் பன்னிழை ஒப்பந்தம் ஒழிந்தபோது வங்காளத் தையல் அழியும் என்றனர், அது தப்பிற்று. 2020இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில் மேனாட்டு வணிகர் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட சரக்கை வேண்டாமென்றும் நிறுத்துக என்றும் எழுதினர்; தைத்து முடித்தவையும் அவற்றுள் இருந்தன. 2025 ஏப்ரலில் அமெரிக்கா அந்நாட்டுப் பண்டங்களுக்கு நூற்றுக்கு 37 தீர்வை என அறிவித்து, ஆகஸ்டில் அதனை 20 ஆகக் குறைத்தது. மிக வறிய நாடு என்பதனால் ஐரோப்பா தீர்வையின்றி ஏற்றுக்கொள்ளும் சலுகையும் என்றும் நில்லாது. அந்நாடு அவ்வறிய நாடுகளின் வரிசையினின்று நீங்குதற்கு 2026 நவம்பர் 24ஆம் நாளை ஐக்கிய நாட்டுச் சபை 2021இல் குறித்தது. வறுமை நீங்கலின் விலையாகச் சலுகையும் நீங்குகின்றது. இனி மலிவை மட்டும் நம்பி நிற்றல் இயலாது. அடுத்த படிக்குச் செல்லல் வேண்டும்.

அடுத்த படிக்கு யார் செல்வார்? இயந்திரமா? அன்று. பூசானிற் கற்ற 130 பேர்போல, கற்ற கையும் கற்ற மனமும் உடையோரே செல்வர். பசியாலும் அச்சத்தாலும் பீடிக்கப்பட்டோர் கற்றல் அரிது. இடிந்த சுவரின்கீழ் மாண்டோர் தாம் கற்றதை எவர்க்கும் கற்பியார். ராணா பிளாசாவில் அழிந்தவை 1,134 உயிர்கள். அவ்வுயிர்களோடு அவர் பல ஆண்டு பயின்ற தொழிலறிவும் அழிந்தது. ஆதலின், தொழிலாளரின் உயிரையும் கூலியையும் காத்தல் ஏற்றுமதிக்கு இடையூறாவதொரு தருமம் அன்று. ஏற்றுமதியால் நாட்டிற்கு வரும் பேற்றைக் காத்தலே அது. இதுவே யாம் இக்கட்டுரையாற் கூறப் புகுந்தது.

இவ்வரலாறு நமக்கும் அயலதன்று. நம் திருப்பூரும் உலகிற்குப் பின்னலாடை தைத்தனுப்பும் ஊர். கொங்குநாட்டு நூற்பாலைகளில் நூற்ற நூலில் ஒரு பகுதி வங்காள தேசத்திற்குச் சென்று ஆடையாகின்றது. நமக்கு அந்நாடு வாணிகத்திற் போட்டியாளர். அதே நேரத்தில் நம் நூலை வாங்குவோரும் ஆவர். நம் வகுப்புத் தோழருள் தாயோ தமக்கையோ தையற்சாலைக்குச் செல்லும் வீட்டினரும் உளர். அவர் கூலியால் கல்லூரிச் சம்பளம் கட்டுவோரும் உளர். அவர்களைக் கேட்பின் ஏற்றுமதியின் நன்மை தீமைகளை இக்கட்டுரையினும் தெளிவாகக் கூறுவர்.

முதலிற் கூறிய துணிச்சீட்டிற்குத் திரும்புவாம். அது சட்டையின் அளவைக் கூறும். வெளுக்கும் முறையைக் கூறும். நாட்டின் பெயரைக் கூறும். தைத்தவர் இரவு உணவு உண்டனரோ, அவர் மகள் பள்ளி சென்றனளோ, அவர் அமர்ந்த மாளிகையின் தூண் உறுதியாக நின்றதோ என்பனவற்றைக் கூறாது. கல்வி கற்கும் நாம் அச்சீட்டிற் காணாதவற்றையும் கேட்டறியும் பழக்கத்தைக் கைக்கொள்வோமாக. வாங்குவோர் கேட்கத் தொடங்கியபின்னரே சாவரில் தூண்களை அளக்கப் பொறியாளர் வந்தனர்.